‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று கம்பைலர் நின்றுவிட்டால்: காணாமல்போன ஹெடர்களைக் கண்டுபிடிக்கும் வழி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தம்பியோடு உட்கார்ந்திருந்தேன். துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் அவருக்கு வேலை. வாரத்தில் கிடைக்கிற ஒரே விடுமுறை நாளை நிரல் எழுதக் கற்பதற்கு ஒதுக்கியிருக்கிறார். தமிழ் எழுத்துகளைத் திரையில் பிசகில்லாமல் வரைகிற சின்ன நிரல் ஒன்றைத் தானே கட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய பழைய மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டிருந்தார். எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதைத்தான் கம்பைல் செய்வது என்பார்கள், அதைச் செய்கிற மென்பொருள் கம்பைலர். அந்தக் கட்டளையைத் தட்டினார். அரை நொடியில் பதில் வந்தது:

தமிழ்.சி:2:10: ஃபேட்டல் எரர்: எச்பி.எச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி
கம்பைலேஷன் டெர்மினேட்டட்.

“அண்ணே, நான் இறக்கினதே பழுதான கோப்பா?” என்று கேட்டார். இல்லை. நிரலில் எந்தப் பழுதும் இல்லை. ‘இந்தப் பெயரில் ஒரு கோப்பு வேண்டும், நான் தேடிய இடங்களில் அது கிடைக்கவில்லை’ என்று கம்பைலர் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தக் கோப்பு கணினியில் இல்லவே இல்லையா, அல்லது இருந்தும் கம்பைலர் அங்கே போய்ப் பார்க்கவில்லையா? முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுதான். பலரும் இதைக் கேட்காமலேயே கண்டதையும் நிறுவி ஒரு நாளைத் தொலைத்துவிடுகிறார்கள்.

தொடங்குமுன் ஒன்று. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். ‘எச்பி.எச்’ என்றால் எச், பி, புள்ளி, எச். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் படி: பிழையின் தலையைப் பிடியுங்கள்

பெரிய மென்பொருளைக் கட்டும்போது திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். ஓட்டம் நின்றதும் கண்ணில் படுவது ‘மேக்: எரர் 1’ என்பது போன்ற கடைசி வரி (மேக் என்பது பல கோப்புகளையும் கம்பைல் செய்விக்கிற கருவி). வேலை நின்றுபோனது என்ற தகவல் மட்டுமே அதில் இருக்கும். ஏன் நின்றது என்பது மேலே எங்கோ கிடக்கும். மேலே உருட்டிக்கொண்டே போய், ‘ஃபேட்டல் எரர்’ என்ற சொற்கள் முதன்முதலாக வருகிற வரியைக் கண்டுபிடியுங்கள்.

‘மேக் -ஜே8’ என்று ஓட்டியிருந்தால் எட்டு கோப்புகள் ஒரே நேரத்தில் கம்பைல் ஆகும். ஒன்று விழுந்த பிறகும் மற்ற ஏழும் தங்கள் வரிகளை அச்சிட்டுக்கொண்டே இருப்பதால், உண்மையான பிழை அவற்றுக்கிடையில் புதைந்துபோகும். அப்போது ‘மேக் -ஜே1’ என்று ஒருமுறை ஓட்டுங்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் பிழை கடைசியிலேயே நிற்கும்.

தம்பிக்கு வந்த வரியைப் பாருங்கள். ‘தமிழ்.சி’ என்பது கம்பைல் ஆகிக்கொண்டிருந்த கோப்பு. 2 என்பது வரி எண், 10 என்பது அந்த வரியில் எத்தனையாவது எழுத்து. அடுத்து இருப்பது தேடிக் கிடைக்காத ஹெடரின் பெயர் (வேறொரு நிரலின் செயற்கூறுகளைக் கம்பைலருக்கு அறிமுகப்படுத்துகிற கோப்புதான் ஹெடர்). சில நேரம் இதற்கு மேலேயே ‘இன் ஃபைல் இன்க்ளூடட் ஃப்ரம்’ என்று ஒன்றிரண்டு வரிகள் இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நீங்கள் கேட்ட ஹெடர் கிடைத்துவிட்டது, அது உள்ளே இன்னொரு ஹெடரைக் கேட்கிறது, கிடைக்காதது அந்த இரண்டாவதுதான் என்று அந்த வரிகள் சொல்கின்றன.

இப்போது அந்தக் கோப்பைத் திறந்து, ஹெடரைக் கேட்கிற இன்க்ளூட் வரியில் பெயரைச் சுற்றி என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள். கோண அடைப்புக்குள் இருந்தால் கம்பைலர் அதைக் கணினியின் பொதுவான இடங்களில் தேடும். பெரும்பாலும் அது வெளியிலிருந்து வரவேண்டிய லைப்ரரி ஒன்றின் ஹெடர் (பிறர் எழுதிவைத்து, நாம் எடுத்துப் பயன்படுத்துகிற நிரல் தொகுப்புதான் லைப்ரரி). இரட்டை மேற்கோளுக்குள் இருந்தால் முதலில் அந்தக் கோப்பு இருக்கிற அடைவிலேயே தேடிவிட்டு, அப்புறம்தான் பொது இடங்களுக்குப் போகும். பெரும்பாலும் அது அந்த மென்பொருளுக்கே சொந்தமான ஹெடர். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இந்தப் பழக்கத்தை மீறி எழுதுகிறவர்களும் உண்டு என்பதால் இதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அது யார் வீட்டுப் பிள்ளை?

எச்பி.எச் என்பது ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரியின் ஹெடர். ‘கொ’ என்ற ஓர் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் நினைவில் அது ககரமும் அதன் பின் ஓர் ஒகரக் குறியும். திரையிலோ கொம்பு ககரத்துக்கு முன்னால் வரவேண்டும், கால் பின்னால் வரவேண்டும். இந்தக் கோத்தல் வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ். உபுண்டுவின் டெஸ்க்டாப், குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆஃபிஸ் எல்லாமே அதைத்தான் நம்பியிருக்கின்றன. 1997-இல் இதே சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியபோது, எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே தமிழ்க் குறியாக்கம் புழக்கத்தில் இல்லை. ஒருவர் அனுப்பிய மடலை இன்னொருவர் படிக்க வேண்டுமென்றால் அதே எழுத்துரு வேண்டும். இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி போன்றவர்கள் அந்தக் காலத்தில் பட்ட பாட்டை நினைத்தால், இன்று ஒரு கட்டளையில் இந்த லைப்ரரியை இறக்கிக்கொள்ள முடிவது எனக்கு இன்னும் நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

சரி, டெஸ்க்டாப்பே ஹார்ஃப்பஸ்ஸால் ஓடுகிறது என்றால், அது கணினியில் ஏற்கெனவே இருக்கிறதே? இருக்கிறது. ஓடுவதற்குத் தேவையான பாதி மட்டும் இருக்கிறது. உபுண்டு, டெபியன் இரண்டிலும் ஒரே லைப்ரரியை இரண்டு பேக்கேஜ்களாக, அதாவது தனித்தனியே நிறுவும் பொதிகளாகப் பிரித்திருப்பார்கள். நிரல்கள் ஓடும்போது தேவைப்படும் இயந்திர மொழிக் கோப்பு ஒன்றில். ஹெடர்கள் இன்னொன்றில். எந்தச் செயற்கூறு என்ன பெயரில் இருக்கிறது, அது எதை வாங்கி எதைத் திருப்பித் தரும் என்ற விவரங்கள்தான் ஹெடரில் இருக்கும். மென்பொருளைப் பயன்படுத்த மட்டும் செய்கிறவருக்கு அது வேண்டாம், கம்பைல் செய்கிறவருக்குத்தான் வேண்டும். அதனால் இரண்டாவது பேக்கேஜின் பெயர் ‘-டெவ்’ என்று முடியும். ஃபெடோராவிலும் ரெட் ஹேட் குடும்பத்திலும் ‘-டெவெல்’. ஆர்ச்சில் இந்தப் பிரிவினையே இல்லை, எல்லாம் ஒன்றாகவே வந்துவிடும்.

புதிய கணினி என்றால் முதலில் அடிப்படைக் கருவிகளைப் போட்டுவிடுங்கள் (‘சுடோ’ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள், ‘ஏப்ட்’ பேக்கேஜ்களை நிறுவும் கருவி):

சுடோ ஏப்ட் அப்டேட்
சுடோ ஏப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் பிகேஜி-கான்ஃபிக் ஏப்ட்-ஃபைல்

எஸ்டிடிஐஓ.எச் கூட இல்லை என்று பிழை வந்தால் பில்ட்-எசென்ஷியல் இல்லாததுதான் காரணமாக இருக்கும். ஆல்பைன் கன்டெய்னருக்குள் வேலை செய்கிறவர்களுக்கு அதற்கு இணையானது பில்ட்-பேஸ்.

அடுத்து, எந்த ஹெடர் எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று தேடித் தரும் ஏப்ட்-ஃபைல்:

சுடோ ஏப்ட்-ஃபைல் அப்டேட்
ஏப்ட்-ஃபைல் சர்ச் /எச்பி.எச்

முதல் கட்டளை பெரிய பட்டியல் ஒன்றை இறக்கும். கைப்பேசியின் டேட்டாவில் இருப்பவர்கள் நூலகத்தில் வயர்லெஸ்@எஸ்ஜி இணைப்பு கிடைக்கும்போது இதைச் செய்துகொள்ளலாம். இரண்டாவது கட்டளையில் பெயருக்கு முன்னால் சாய்கோடு போட்டிருப்பதைக் கவனியுங்கள். அது இல்லையென்றால் ‘எச்பி.எச்’ என்று முடிகிற வேறு பெயர்களும் வந்து குவியும். வருகிற பட்டியலில் ‘-டெவ்’ என்று முடிகிற பேக்கேஜாகவும், பாதை /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் என்று தொடங்குவதாகவும் இருப்பதை எடுங்கள். பெயரில் ‘கிராஸ்’ இருந்தால் அது வேறு வகைச் செயலிகளுக்கானது, விட்டுவிடுங்கள். நமக்குக் கிடைத்த விடை லிப்ஹார்ஃப்பஸ்-டெவ். ஃபெடோராவில் இதே தேடலை ‘டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்’ செய்யும்.

அடிக்கடி தடுக்கி விழும் சில பெயர்களைச் சொல்லிவைக்கிறேன். ஓப்பன்எஸ்எஸ்எல்/எஸ்எஸ்எல்.எச் கேட்டால் லிப்எஸ்எஸ்எல்-டெவ். இசட்லிப்.எச் கேட்டால் இசட்லிப்1ஜி-டெவ். நடுவில் வருவது எண் 1, அதை ஆங்கில எல் என்று நினைத்து அடித்துவிட்டு ‘அப்படிப் பேக்கேஜே இல்லை’ என்று குழம்புவோர் உண்டு. கர்ஸஸ்.எச் என்றால் லிப்என்கர்ஸஸ்-டெவ், எஃப்எஃப்ஐ.எச் என்றால் லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்பிக்யூ-எஃப்இ.எச் என்றால் போஸ்ட்கிரஸ்ஸுக்கான லிப்பிக்யூ-டெவ்.

பைதான்.எச் தனியாகச் சொல்லவேண்டியது. அதில் முதல் எழுத்து பெரிய பி. பைதான் பொதிகளை நிறுவும் கருவியான பிப் மூலம் ஏதாவது நிறுவும்போது திடீரென்று இந்தப் பிழை வரும். பைதான்3-டெவ் போட்டால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் நீங்கள் பயன்படுத்துவது உபுண்டுவோடு வந்த பைதானாக இல்லாமல் வேறு பதிப்பாக இருந்தால், அந்தப் பதிப்புக்குரிய டெவ் பேக்கேஜ்தான் வேண்டும். அதற்கும் முன்னால் பிப்பையே புதுப்பித்துப் பாருங்கள். பழைய பிப்புக்குத் தயார்நிலைப் பொதிகள் சில அடையாளம் தெரியாது, அதனால் தேவையில்லாமல் மூல நிரலிலிருந்து கட்டத் தொடங்கிவிடும். புதுப்பித்த பிறகு கம்பைல் செய்யும் தேவையே இல்லாமல் போகலாம்.

உபுண்டுவில் ஏற்கெனவே இருக்கிற மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பைக் கட்டுகிறீர்கள் என்றால் இன்னொரு நல்ல வழி இருக்கிறது. ‘சுடோ ஏப்ட் பில்ட்-டெப் விம்’ என்றால் விம் எடிட்டரைக் கட்டத் தேவையான டெவ் பேக்கேஜ்கள் எல்லாம் ஒரே அடியில் வந்துவிடும். இதற்கு மூலப் பேக்கேஜ்களின் பட்டியல் இயங்கு நிலையில் இருக்கவேண்டும். உபுண்டு 24.04-இல் /இடிசி/ஏப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்.டி அடைவில் இருக்கும் உபுண்டு.சோர்சஸ் கோப்பைத் திறந்து, ‘டெப்’ என்று இருக்கும் வகை வரியில் ‘டெப்-எஸ்ஆர்சி’ என்பதையும் சேர்த்துவிட்டு, ஏப்ட் அப்டேட் ஒருமுறை ஓட்டினால் போதும்.

மூன்றாம் படி: நிறுவியும் அதே பிழையா?

தம்பி லிப்ஹார்ஃப்பஸ்-டெவ் நிறுவினார். திரும்ப ஓட்டினார். எழுத்துப் பிசகாமல் அதே பிழை. அவர் முகம் வாடிவிட்டது. பெரும்பாலானோர் கைவிடுகிற இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

ஹெடர் வந்து சேர்ந்ததா என்று பார்ப்போம்:

டிபிகேஜி -எல் லிப்ஹார்ஃப்பஸ்-டெவ்

இங்கே எல் பெரிய எழுத்து. அந்தப் பேக்கேஜ் கணினியில் வைத்த கோப்புகள் எல்லாம் வரிசையாக வரும். அதில் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/ஹார்ஃப்பஸ்/எச்பி.எச் என்று ஒரு வரி இருந்தது. ஆக, கோப்பு இருக்கிறது. இப்போது கம்பைலர் எங்கெல்லாம் தேடுகிறது என்று அதனிடமே கேட்போம்:

ஜிசிசி -இ -வி -எக்ஸ் சி /டெவ்/நல்

ஜிசிசி என்பதுதான் நம் கம்பைலரின் பெயர். இந்தக் கட்டளையில் இ மட்டும் பெரிய எழுத்து. ‘சர்ச் ஸ்டார்ட்ஸ் ஹியர்’ என்ற வரிக்கும் ‘எண்ட் ஆஃப் சர்ச் லிஸ்ட்’ என்ற வரிக்கும் நடுவில் வருகிற அடைவுகள்தான் அதன் தேடல் பட்டியல். ஜிசிசியின் சொந்த அடைவு, /யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட், கடைசியில் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் என்று நாலைந்து இருக்கும். இந்த அடைவுகளின் மேல்தட்டில் மட்டுமே கம்பைலர் பார்க்கும். உள்ளே இருக்கிற துணை அடைவுகளுக்குள் தானாக நுழையாது. எச்பி.எச் இருப்பது ‘ஹார்ஃப்பஸ்’ என்ற துணை அடைவுக்குள். புளோக் எண் சரியாக இருந்தும் மாடி எண் இல்லாத முகவரியைப் போலத்தான் இது.

அந்த அடைவையும் பார் என்று சொல்ல, பெரிய எழுத்து ஐ உள்ள ‘-ஐ’ என்ற தெரிவு இருக்கிறது. தம்பி உடனே ‘-ஐ/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/ஹார்ஃப்பஸ்’ என்று சேர்த்து ஓட்டினார். எச்பி.எச் பிழை போய்விட்டது. புதிதாக ஒன்று வந்தது: எஃப்டி2பில்ட்.எச் இல்லையாம். மேலே ‘இன் ஃபைல் இன்க்ளூடட் ஃப்ரம்’ வரியைப் படித்தோம். அவருடைய நிரல் எச்பி-எஃப்டி.எச் என்ற ஹெடரையும் கேட்டிருந்தது. ஹார்ஃப்பஸ்ஸை ஃப்ரீடைப் எழுத்துரு லைப்ரரியோடு இணைக்கிற ஹெடர் அது. ஃப்ரீடைப்பின் ஹெடர்களோ /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/ஃப்ரீடைப்2 என்ற இன்னொரு துணை அடைவில். இப்படி ஒவ்வொன்றாகக் கையால் சேர்த்துக்கொண்டே போனால் முடிவே இருக்காது.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் பிகேஜி-கான்ஃபிக் இருக்கிறது. பெரும்பாலான டெவ் பேக்கேஜ்கள் ‘.பிசி’ என்று முடிகிற சிறு விவரக் கோப்பு ஒன்றைக் கூடவே கொண்டுவரும். என் ஹெடர்கள் எங்கே இருக்கின்றன, எனக்கு வேறு யார் தேவை, என்னோடு இணைப்பதற்கு என்ன சொல்லவேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அதைப் படித்துச் சொல்லச் சொல்லலாம்:

பிகேஜி-கான்ஃபிக் --சிஃப்ளாக்ஸ் --லிப்ஸ் ஹார்ஃப்பஸ் ஃப்ரீடைப்2

கட்டளையின் விடையை நேரே ஜிசிசிக்குக் கொடுக்க, டாலர் குறிக்குப் பின் வளைவு அடைப்புக்குள் அதை வைக்கவேண்டும்:

ஜிசிசி தமிழ்.சி -ஓ தமிழ் $(பிகேஜி-கான்ஃபிக் --சிஃப்ளாக்ஸ் --லிப்ஸ் ஹார்ஃப்பஸ் ஃப்ரீடைப்2)

கம்பைல் ஆகிவிட்டது. ‘கொ’ என்ற எழுத்தைக் கொடுத்தார். கொம்பு, ககரம், கால் என்று மூன்று வடிவங்களாகப் பிரித்து, அவற்றின் இடங்களோடு நிரல் அச்சிட்டது. அவர் அதை இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.

இந்தக் கட்டளையில் மூல நிரலின் பெயர் முன்னால், லைப்ரரிகள் பின்னால். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மாற்றினால், அல்லது --லிப்ஸ் விட்டுப்போனால், ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று வேறு வகைப் பிழை வரும். ஹெடரைப் பற்றிய புகார் அல்ல அது. ஹெடர் வேலை முடிந்து, கம்பைல் ஆனதை லைப்ரரியோடு இணைக்கிற லிங்கர் உண்மையான லைப்ரரியைத் தேடுகிற கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள். அந்தப் பிழை வந்தபின் டெவ் பேக்கேஜ்களை நீக்கி மறுபடி நிறுவுவதில் பயனில்லை.

பிகேஜி-கான்ஃபிக்கே ‘அப்படிப் பேக்கேஜ் இல்லை’ என்று சொன்னால் டெவ் பேக்கேஜ் இல்லை, அல்லது நீங்களே கட்டி வேறோர் இடத்தில் நிறுவிய லைப்ரரி அது. பின்னதானால் அதன் .பிசி கோப்பு இருக்கும் அடைவை பிகேஜி_கான்ஃபிக்_பாத் என்ற சூழல் மாறியில் குறிப்பிடுங்கள். அதன் பெயர் முழுக்கப் பெரிய எழுத்துகள். கட்டுவதற்கு முன் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கிற கான்ஃபிகர் கோப்போடு வரும் மென்பொருளுக்கு, பெரிய எழுத்துகளில் சிபிபிஃப்ளாக்ஸ் என்ற மாறியில் அந்த ‘-ஐ’ பாதையைக் கொடுத்துக் கான்ஃபிகரை ஓட்டலாம். இத்தகைய பாதைகளை ஷெல்லின் தொடக்கக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆறு மாதம் கழித்து வேறொரு மென்பொருளைக் கட்டும்போது பழைய ஹெடர் முன்னால் வந்து நிற்கும். அதை எழுதிவைத்தது உங்களுக்கே நினைவிருக்காது.

பழைய விடையை மறக்கவையுங்கள்

டெவ் பேக்கேஜ் போட்டாயிற்று, பாதையும் சரி, இன்னமும் ‘கிடைக்கவில்லை’ என்று வருகிறதா? கான்ஃபிகர் போன்ற வேலையைச் செய்கிற சிமேக் கருவியைப் பயன்படுத்தும் மென்பொருளானால், முதல்முறை தேடியபோது கிடைத்த ‘இல்லை’ என்ற விடையைச் சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டி என்ற கோப்பில் அது எழுதிவைத்திருக்கலாம். அடுத்தமுறை தேடாமல் அதையே படித்துச் சொல்லும். பில்ட் அடைவை முழுசாக அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். கான்ஃபிகர் உள்ளவற்றில் மேக் மட்டும் ஓட்டினால் போதாது, கான்ஃபிகரையே மறுபடி ஓட்டவேண்டும். அப்படியும் குழப்பமானால் கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்து ஹெடரின் பெயரைத் தேடுங்கள். கான்ஃபிகர் தனக்குள் ஓட்டிப் பார்த்த சின்னச் சோதனை நிரலும், அதற்குக் கம்பைலர் சொன்ன பதிலும் அப்படியே அதில் இருக்கும்.

ஹெடரை மட்டும் இணையத்திலிருந்து எடுக்காதீர்கள்

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹெடரின் பெயரைத் தேடினால் அந்தக் கோப்பு எங்காவது கிடைத்துவிடும். அதை எடுத்து அடைவில் ஒட்டினால் பிழையும் மறையும். ஆனால் அந்த ஹெடர் வேறொரு பதிப்புக்குரியதாக இருந்தால்? ஒரு தரவு அமைப்பு 40 பைட் என்று ஹெடர் சொல்லும், கணினியில் இருக்கிற லைப்ரரியோ 48 பைட் எழுதும். கம்பைலருக்கு அது தெரியாது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படி ஒட்டிய ஹெடரோடு ஒரு நிரல் மூன்று வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு நள்ளிரவில் காரணமே தெரியாமல் விழுந்தது. ஒட்டியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு நாள் பிடித்தது. ஹெடரும் லைப்ரரியும் ஒரே இடத்திலிருந்து, ஒரே பதிப்பாக வரவேண்டும்.

மேற்கோளுக்குள் இருந்த ஹெடர் காணவில்லை என்றால்

அப்படியானால் ஏப்ட்டில் தேடிப் பயனில்லை. மென்பொருளின் சொந்தக் கோப்பு வந்துசேரவில்லை, அல்லது இன்னும் உருவாகவில்லை.

கான்ஃபிக்.எச் இல்லையென்றால் கான்ஃபிகர் ஓட்டாமலேயே மேக் ஓட்டியிருக்கிறீர்கள், அந்தக் கோப்பை உருவாக்குவதே கான்ஃபிகர்தான். கான்ஃபிகர் கோப்பே இல்லையா? மூல நிரலைப் பதிப்பு பதிப்பாகச் சேமித்துப் பகிரும் கருவியான கிட்டிலிருந்து நேரடியாக எடுத்த மூல நிரலில் அது பெரும்பாலும் இருக்காது. ஆட்டோஜென்.எஸ்எச் இருந்தால் அதை ஓட்டுங்கள், இல்லாவிட்டால் ‘ஆட்டோரீகான்ஃப் -ஐ’, இங்கே ஐ சிறிய எழுத்து. கிட்டில் எடுத்த அடைவுக்குள் ‘தேர்ட்பார்ட்டி’ போன்ற பெயரில் ஒரு காலி அடைவு இருந்தால் அது பெரும்பாலும் சப்மாட்யூல், அதாவது வேறொரு மென்பொருளின் நிரல் வந்து சேரவேண்டிய இடம். ‘கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்’ என்று ஓட்டினால் நிரம்பும். இணையப் பக்கத்திலிருந்து ஜிப் கோப்பாக இறக்கியவர்களுக்குச் சப்மாட்யூல்கள் வந்தே இருக்காது, அவர்கள் கிட் வழியாகவே மறுபடி எடுக்கவேண்டும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்தையும் பாருங்கள். விண்டோஸிலோ மேக்ஓஎஸ்ஸிலோ எழுதியவர் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருந்தாலும் அவருக்கு வேலை செய்திருக்கும். லினக்ஸில் அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

இந்த உலகத்திலேயே இல்லாத ஹெடர்கள்

தம்பி ஊரில் டிப்ளமோ படித்தபோது டர்போ சியின் நீலத் திரையில்தான் சி கற்றார். அங்கே எழுதிய பயிற்சிகளை இங்கே ஓட்டிப் பார்த்தபோது கோனியோ.எச் இல்லை என்று வந்தது. தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்த பலருக்கும் இது நேர்ந்திருக்கும். கோனியோ.எச் சி மொழியின் தரத்தில் என்றுமே இருந்ததில்லை. டாஸ் காலத்துக் கம்பைலர்கள் தாங்களாகவே சேர்த்துக் கொடுத்தது. எந்தப் பேக்கேஜையும் தேடி அலையாதீர்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, திரையைத் துடைக்கிற சிஎல்ஆர்எஸ்சிஆர், கடைசியில் காத்திருக்கிற கெட்ச் ஆகியவற்றையும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான பயிற்சி நிரல்கள் அப்படியே ஓடும். திரையைக் கையாள்வது உண்மையிலேயே தேவையென்றால் என்கர்ஸஸ் கற்றுக்கொள்ளுங்கள். அதேபோல ஐஓஸ்ட்ரீம்.எச் என்று எழுதியிருந்தால், 1998-இல் சி++ தரம் வந்ததிலிருந்து அது ‘.எச்’ இல்லாத வெறும் ஐஓஸ்ட்ரீம்.

லினக்ஸிலேயே இருந்து பின்னால் நீக்கப்பட்டவையும் உண்டு. எக்ஸ்லோகேல்.எச் 2017-இல், லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் 2.26 பதிப்பில் போனது. சிஸ்/சிஸ்சிடிஎல்.எச் 2020-இல் வந்த 2.32-இல் போனது. ஆர்பிசி/ஆர்பிசி.எச் இப்போது லிப்டிஆர்பிசி-டெவ் என்ற தனிப் பேக்கேஜில், டிஆர்பிசி என்ற துணை அடைவுக்குள் இருக்கிறது. பழைய மென்பொருளில் இப்பெயர்கள் வந்தால் முதலில் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் யாராவது சரிசெய்திருப்பார்கள்.

சுடோ இல்லாத கணினியில்

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வு செய்யும் மாணவர்கள் பொதுக் கணினியில் வேலை செய்யும்போது சுடோ அனுமதி இருக்காது. தேசிய மீக்கணினி மையத்தின் ஆஸ்பயர் போன்ற பெரிய கணினிகளிலும் அப்படித்தான். அங்கே முதலில் ‘மாட்யூல் அவெய்ல்’ என்று அடித்துப் பாருங்கள். நிர்வாகிகள் ஏற்கெனவே கட்டிவைத்த லைப்ரரிகளின் பட்டியல் வரும். வேண்டியதை ‘மாட்யூல் லோட்’ கொண்டு ஏற்றினால், தேவையான பாதைகளைப் பெரும்பாலும் அதுவே அமைத்துவிடும். பட்டியலில் இல்லையென்றால், லைப்ரரியையே மூல நிரலிலிருந்து உங்கள் சொந்த அடைவுக்குள் கட்டலாம். கான்ஃபிகருக்கு ‘--ப்ரீஃபிக்ஸ்’ என்ற தெரிவோடு உங்கள் அடைவின் பாதையைக் கொடுத்தால் ஹெடர்களும் லைப்ரரியும் அங்கேயே சேரும். பிறகு மேலே சொன்ன பிகேஜி_கான்ஃபிக்_பாத் மாறியில், அங்கே .பிசி கோப்பு இருக்கும் அடைவைக் குறிப்பிடுங்கள்.

மேக்ஓஎஸ்ஸில் சுருக்கமாக: ‘எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்’ அடிப்படை ஹெடர்களைத் தரும். இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகு திடீரென்று எல்லா ஹெடரும் காணாமல் போனால் மறுபடி அதையே ஓட்டுங்கள். மேக்ஓஎஸ்ஸுக்கான பேக்கேஜ் கருவியான ஹோம்ப்ரூ வழியாக நிறுவியவை ஆப்பிள் சிப் கணினிகளில் /ஓபிடி/ஹோம்ப்ரூ என்ற அடைவுக்குள் போகும். கம்பைலர் தானாக அங்கே தேடாது, பிகேஜி-கான்ஃபிக்தான் அங்கேயும் துணை.

யாரிடமாவது கேட்கும்போது

இவ்வளவும் செய்து தீரவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். கைப்பேசியில் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், எழுத்தாகவே நகலெடுத்து அனுப்புங்கள். படத்தில் இருக்கிற பாதையை யாராலும் நகலெடுத்துத் தேட முடியாது. முதல் ‘ஃபேட்டல் எரர்’ வரியும் அதற்கு மேலே பத்து வரியும், நீங்கள் தட்டிய கட்டளை முழுசாக, ‘கேட் /இடிசி/ஓஎஸ்-ரிலீஸ்’ தருகிற விடை, இதுவரை நிறுவிய பேக்கேஜ்களின் பெயர்கள். இவ்வளவு இருந்தால், உங்களைப் பார்க்காமலேயே ஒருவரால் பதில் சொல்ல முடியும்.

நீங்களே விடை கண்டுபிடித்து, அந்தப் பேக்கேஜின் பெயர் மென்பொருளின் ரீட்மீ கோப்பில் இல்லை என்று தெரிந்தால், அதை எழுதியவருக்கு இரண்டு வரி அனுப்புங்கள். எந்த உபுண்டு பதிப்பு, எந்தப் பேக்கேஜ் என்று சொன்னால் போதும்.